துவைக்காத துணி

எனக்குப் பேச வராது. ஆறாம் வகுப்போடு நின்றவன். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருமுறை சொன்னார், "வெளிய உட்கார்ந்திருக்கிற அப்பாமாருங்ககிட்ட நீங்க பட்டதைச் சொல்லுங்க. அவுங்களுக்குத் தைரியமா இருக்கும்" என்று. போய் நின்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையில் கொட்டை வறுக்கிற வேலையில் இருந்தேன். சூடு ஏறினால் முந்திரித் தோலிலிருந்து கறுப்பாக ஒரு எண்ணெய் கசியும். புதுக் கையில் பட்டால் பொத்துப்போகும். பழகிய கை பொத்தாது, கறுத்துவிடும். உள்ளங்கை, நகக்கண், விரல் இடுக்கு எல்லாம் கறுப்பு. கொட்டகையில் எல்லாருக்கும் அப்படித்தான். அது அழுக்கு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

செல்வி என் மனைவி. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டானாள். ஏழாவது மாசத்தில் கால் வீங்கியது. புள்ளைத்தாச்சிக்கு வீங்கத்தான் செய்யும் என்றார்கள். பிறகு முகம் வீங்கியது. ஒரு மத்தியானம், "கண்ணு மங்கலா தெரியுதுங்க" என்றாள். வண்டி பிடித்துக் கடலூருக்குக் கொண்டு போனோம். நெல்லிக்குப்பம் தாண்டும்போது கை கால் வெட்டி இழுத்தது. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் அதிகமானால் இப்படி ஜன்னி வருமாம். குழந்தையை வெளியே எடுத்தால்தான் தாய் பிழைப்பாள் என்றார்கள். எடுத்தார்கள்.

ஆண் குழந்தை. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தோல் வழியாக நரம்பு தெரிந்தது. அவன் அழவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் ஒரு முனகல் மட்டும் வந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சு மேலே எழும்பவில்லை, உள்ளே குழிந்தது.

அங்கிருந்த டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "நுரையீரல் உள்ள சின்னச் சின்ன பலூன் மாதிரி நிறைய இருக்கு. மூச்சை வெளிய விட்டதும் அதெல்லாம் ஒட்டிக்காம இருக்க, வழவழன்னு ஒரு நுரை ஊறும். கடைசி மாசங்கள்லதான் அது நல்லா ஊறும். இவனுக்கு ஊறல. ஒவ்வொரு தடவையும் ஒட்டுன பலூனைப் புதுசா ஊதுற மாதிரி பாடுபடுறான். ரொம்ப நேரம் தாங்க மாட்டான்."

அந்த நுரைக்குப் பதிலாக ஊற்ற மருந்து இருக்கிறதாம். அதுவும் மூச்சு மிஷினும் சிதம்பரத்தில் கிடைக்கும் என்றார்கள். செல்விக்கு நினைவு திரும்பவில்லை. அவளைக் கடலூரை விட்டு நகர்த்த முடியாது.

"கொழந்தைகூட யார் போறது?" என்று நர்ஸ் கேட்டார்.

செல்விக்கு அம்மா இல்லை. அண்ணன் முருகன் மட்டும்தான். கடலூர் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறார். அவர் பெண்சாதி அஞ்சலை, "இவளை நான் பாத்துக்கிறேன், நீ புள்ளையோட போ" என்று சொன்னார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் பிள்ளை. யோசிக்க நேரம் இல்லை. ஆம்புலன்சில் ஏறிவிட்டேன்.

ஐப்பசி மழை. கூட வந்த நர்ஸ் வழியெல்லாம் ரப்பர் பையை அமுக்கி மூச்சு கொடுத்தபடி வந்தார். ஆலப்பாக்கம் தாண்டி வண்டி குலுங்கியபோது துணியிலிருந்து அவன் கை வெளியே வந்தது. என் சுண்டுவிரலை வைத்தேன். பிடித்துக்கொண்டான். முட்லூர் பாலம் வரை பிடித்திருந்தான். அடுத்து அவனைத் தொட எனக்கு ரொம்ப நாளாயிற்று.

சிதம்பரத்தில் குறைமாசக் குழந்தைகளை வைத்திருக்கும் அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே வாயில் குழாய் விட்டு மிஷினில் மாட்டினார்கள். குழாய் வழியாக அந்த மருந்தையும் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு அவனுக்காக மிஷின் மூச்சு விட்டது. நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அது அவன் மூச்சு இல்லை.

வெளியே வராண்டா. அங்கே எனக்கு முன்னாலேயே ஒருவர் பாய் விரித்திருந்தார்.

"எந்த ஊரு?"

"பண்ருட்டி."

"பலாப்பழமா?"

"முந்திரி."

"சரி. நான் கிள்ளை. நண்டு."

பேர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் என்னைப் பண்ருட்டி என்று கூப்பிட்டார். நான் அவரைக் கிள்ளையார் என்றேன். அவர் பெண் குழந்தையும் உள்ளே இருந்தது. அவர் மனைவி தாய்மார் அறையில் இருந்தாள். எனக்குத்தான் அந்தக் கட்டடத்தில் பேச ஆள் கிடையாது. கிள்ளையார் பேசுவார், நான் தலையாட்டுவேன். அது அவருக்குப் போதும்.

உள்ளே பொறுப்பில் இருந்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். பெற்றவர்களைத் தினம் ஒரு தடவை உள்ளே விடுவார். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். என் முறை வந்தது. கழுவிவிட்டு நின்றேன்.

"இன்னாங்க இது? கழுவிட்டு வாங்கன்னு சொன்னனே."

"கழுவிட்டேன்."

"இதுவா கழுவுன கை? கார் மெக்கானிக்கா நீங்க?"

"முந்திரி."

"எதுவா இருந்தா இன்னா? உள்ள கெடக்கிற புள்ளைங்களுக்கு ஒரு கிருமி போதும். நல்லா கழுவிட்டு நாளைக்கு வாங்க."

கதவைச் சாத்திவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம், பெண் பார்ப்பது என்றால் மாப்பிள்ளை கறுப்புக் கையோடு போகமாட்டான். மண்ணெண்ணெயில் கையை ஊறவைப்பார்கள். செங்கல்லால் தேய்ப்பார்கள். சலவைச் சோடா போட்டுக் கழுவுவார்கள். முழுசாகப் போகாது. ஓரளவு வெளுக்கும். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

டீக்கடையில் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழாயடியில் செங்கல் கிடந்தது. ஓரளவு வெளுத்தால் போதாது என்று நினைத்தேன். பெருக்குகிற அம்மாவிடம் பிளீச்சிங் பவுடரும் வாங்கிக்கொண்டேன். பொழுது சாயும்வரை தேய்த்தேன்.

கிள்ளையார் வந்து பார்த்தார். "யோவ் பண்ருட்டி, போதும். கறுப்போட சேர்ந்து தோலும் வருது பாரு."

"வரட்டும்."

மறுநாள் காலையில் கை செக்கச்செவேலென்று இருந்தது. உள்ளங்கை பிளந்து நீர் கசிந்தது. எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் கறுப்பு இல்லை. சிஸ்டர் முன்னால் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் பார்த்தார். உள்ளே போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்.

டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்க இப்படிப் பண்ணீங்க? கறை இருந்தா பரவாயில்லை, கறை யாருக்கும் ஒட்டாது. இப்ப தோல் வெடிச்சிருக்கு. இந்த வெடிப்புலதான் கிருமி குடியேறும். எவ்வளவு கழுவினாலும் போகாது. புண் ஆறாம உங்களை உள்ள விட முடியாதுங்க."

கறுப்புக் கையோடு நான் உள்ளே போயிருக்கலாம்.

ஸ்டெல்லா சிஸ்டர் தரையைப் பார்த்தார். "நான் கழுவத்தான சொன்னேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு ஒரு களிம்பு கொண்டுவந்து கையில் தடவிவிட்டார். அன்றிலிருந்து தினமும் தடவிவிட்டார். என்னிடம் அதற்குமேல் கோபப்பட்டதில்லை.

அதன் பிறகு கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அவன் கட்டில் மூன்றாவது வரிசையில் இருந்தது. கால் மட்டும் தெரியும். மற்ற அப்பா அம்மாக்கள் கை கழுவிக்கொண்டு உள்ளே போவார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சோறு பிசைய முடியவில்லை. ஸ்பூனில் சாப்பிடப் பழகினேன். உள்ளே இருந்து குழந்தைகளின் துணிகளைக் கொடுத்து அனுப்புவார்கள். பெற்றவர்கள்தான் துவைத்து, காயவைத்து, திருப்பித் தர வேண்டும். உள்ளே அவற்றை ஆவியில் வேகவைத்துக் கிருமி கொன்று எடுத்துக்கொள்வார்கள். என் பையன் துணியைக் கிள்ளையார் துவைத்தார். "சோப்பு பட்டா உன் கை ஆறாது, குடு இப்டி" என்று பிடுங்கிக்கொண்டு போவார்.

கடலூரில் செல்விக்கு நினைவு வந்தது. எழுந்து உட்கார முடியவில்லை, ஆனால் பால் சுரந்தது. அஞ்சலை அதைப் பீய்ச்சிக் கொதிநீரில் கழுவிய சின்ன சம்படத்தில் எடுத்து வைப்பார். முருகன் மச்சான் பேக்டரியிலிருந்து ஐஸ் எடுத்து, பிளாஸ்க்கில் போட்டு, பஸ் ஏறிக் கொண்டுவருவார். முதல் நாள் ஸ்டெல்லா சிஸ்டர் பிளாஸ்க்கைத் திறந்து மூக்கைப் பிடித்தார்.

"பால் கொண்டாந்தீங்களா, வஞ்சிரம் கொண்டாந்தீங்களா?"

"ஐஸ் மீனு ஐஸுதான் சிஸ்டர். பாலு எங்க வூட்டுப் பாலு" என்றார் மச்சான்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். சம்படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு, நாளையிலிருந்து ஐஸைக் கவரில் கட்டிக் கொண்டுவரச் சொன்னார். மூக்கு வழியாக வயிற்றுக்கு விட்ட மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக அந்தப் பாலை விட்டார்கள்.

மச்சான் கடலூர் திரும்பியதும் தன் போனில் செல்வியைப் பேச வைப்பார்.

"எப்படி இருக்கான்?"

"இருக்கான்."

"கண்ணு தொறந்தானா?"

"தெரியல."

"நீங்க தூக்குனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"உள்ள விடல."

கையைப் பற்றிச் சொல்லவில்லை. படுத்திருப்பவளிடம் அதையும் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மிஷினைக் குறைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த சமயத்தில் அவனுக்குக் கிருமி வந்தது. காலையில் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவன் கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். கால் தெரியவில்லை. வயிறு உப்பி, உடம்பு சாம்பல் நிறமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று வராண்டாவில் எல்லாருக்கும் தெரியும்.

"ரத்தத்துல கிருமி கலந்திருக்கு. நுரையீரல்லயும் சளி கட்டியிருக்கு. பெரியவங்களுக்கு வந்தா காய்ச்சல் அடிக்கும். இவங்களுக்கு அது கூடத் தெரியாது. சோர்ந்து போவாங்க, மூச்சு விட மறந்துடுவாங்க. எதிர்த்து நிக்கிற சக்தி இன்னும் வரல. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கோம். அதைக் கிருமிக்குப் புடிச்ச சாப்பாட்டுல வெச்சி, எது வளருதுன்னு பாப்பாங்க. எந்த மருந்துக்குச் சாவுதுன்னும் பாப்பாங்க. அது தெரியிறதுக்குள்ள பொதுவா ஒரு மருந்து ஆரம்பிச்சிட்டோம்."

"ஆம்புலன்ஸ்ல என் விரலைப் புடிச்சான்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. "அதுனாலன்னு சொல்ல மாட்டேன். குழாய் வழியா வரும், ஊசி வழியா வரும், எங்க கையாலயும் வரும். எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

சுண்டுவிரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று பாலை நிறுத்தினார்கள். அன்று மச்சான் பிளாஸ்க்கோடு வந்தார். "பால் வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவரும் ஊரில் போய் அவ்வளவுதான் சொன்னார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பச்சை உடம்புக்காரியிடம் குழந்தை செத்ததை உடனே சொல்லமாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம் என்பார்கள். தையல் ஆறட்டும், தெம்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். ஆண்கள் அதற்குள் அடக்கம் செய்துவிட்டு வந்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு லதாவுக்கு அப்படி நடந்தது. லதாவிடம் பொய் சொல்லி, கூட இருந்து பார்த்துக்கொண்டவளே செல்விதான்.

அடுத்த தடவை மச்சான் வெறும் கையோடு வந்தார். வராண்டாவில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"பாலு வேணாமாம்னு சொன்னேன் மச்சான். சரின்னா. அழுவல. மல்லிப்பூ வாங்கியாரச் சொல்லி மாருல வெச்சிக் கட்டிக்கினா."

பால் வற்றுவதற்காக அப்படிச் செய்வார்கள். பிள்ளை இல்லாதவர்கள் செய்வது.

"உசுரோட இருக்கான்னு சொன்னியா?"

"தொண்ட வத்துற வரைக்கும் சொன்னேன். 'நானும் லதாகிட்ட இப்டித்தான் அண்ணே சொன்னேன்'ங்கறா. அஞ்சலை சூடம் அடிச்சி சத்தியம் பண்றேன்னா. 'வேணாம் அண்ணி, பொய் சத்தியம் பண்ணாதீங்க, உங்களுக்குப் புள்ளைங்க இருக்கு'ங்கறா. இன்னா பண்றது?"

மச்சான் கடலூர் போய்ச் சேர்ந்த பிறகு நானே போன் போட்டேன்.

"உசுரோட இருக்கான் செல்வி."

"சரிங்க."

"நெசமா."

"சரிங்க. நீங்க சாப்டீங்களா? மழையில நனையாதீங்க."

போனை வைத்த பிறகுதான் புரிந்தது. அவள் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

கடலூர் போய் நேரில் சொல்லலாம் என்றால், பிள்ளை இருக்கும் நிலையில் எப்போது எதற்குக் கையெழுத்து கேட்பார்கள் என்று தெரியாது. நான் நேரில் போய் நின்றால் மட்டும் என்ன? சிதம்பரத்தை விட்டு நான் வந்துவிட்டேன் என்றால் அங்கே யாரும் இல்லை என்றுதான் நினைப்பாள். கிருமி அடங்கினால் முதலில் தாய்ப்பால்தான் வேண்டும், அதில்தான் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இங்கே அவன் பிழைத்துக்கொண்டாலும் அங்கே பால் வற்றிக்கொண்டிருந்தது. என் வாயில் அதை நிறுத்துகிற சொல் எதுவும் இல்லை.

பரிசோதனை முடிவு வந்து மருந்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகு டாக்டரம்மா மூத்திரம் போனானா என்றுதான் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கிருமி முற்றினால் சிறுநீரகம் நின்றுபோகுமாம். போனால் நல்லது, போகாவிட்டால் கஷ்டம். துணியை எடைபோட்டுப் பார்ப்பார்கள். காய்ந்த எடையாகவே இருந்தது.

அன்று மத்தியானம் மச்சானும் இருந்தார். கண்ணாடிக் கதவு திறந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு துணியைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். அவர் முகம் நன்றாக இருந்தது.

"பண்ருட்டி, இந்தாங்க. உங்க புள்ள பண்ணுன வேலையைப் பாருங்க. எனக்கும் சேத்து அடிச்சிட்டான்."

துணி நனைந்திருந்தது. சூடுகூட ஆறவில்லை. கிள்ளையார் வழக்கம்போல கையை நீட்டினார். "குடு, அலசிப் போட்டுட்டு வரேன்."

நான் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் தேடி எடுத்தேன். துணியை அதில் போட்டு முடிச்சு போட்டேன். மச்சானிடம் நீட்டினேன்.

"செல்விகிட்ட குடு."

"இதையா?"

"ம்."

"மூத்திரத் துணி மச்சான் இது."

"ம்."

அவர் என்னைப் பார்த்தார். கவரைப் பார்த்தார். கிள்ளையார்தான் முதலில் சிரித்தார். "போய்யா, சீக்கிரம் போ. காஞ்சிடப் போவுது."

கடலூரில் நடந்ததை மச்சான் பிறகு சொன்னார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து எழுந்து போய்விட்டாராம். வார்டில் செல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளாம். கவரை அவள் கையில் கொடுத்தார். பிரித்தாள். ஈரம் கையில் பட்டது. முகர்ந்து பார்த்தாள். எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன என் பழைய வேட்டித் துண்டு அது. ஓரத்தில் அவளே தைத்த தையல் இருந்தது.

"எப்ப அண்ணே?"

"மத்தியானம். பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருந்த நேரம் போக, நேரா வரேன்."

"செத்த புள்ள மூத்திரம் போவாதுல்ல?"

"போவாதும்மா."

மறுபடி முகர்ந்தாளாம். அப்புறம் அஞ்சலையைக் கூப்பிட்டு, "அண்ணி, இந்தப் பூக்கட்டை அவுத்துவிடுங்க" என்றாளாம். அதற்குப் பிறகுதான் அழுதாளாம். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள் என்று மச்சான் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தார்.

அடுத்து வந்த சம்படத்தில் பால் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பூ கட்டியதில் குறைந்துவிட்டது. அஞ்சலை விடாமல் பீய்ச்சிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அவன் குடலும் அதற்குள் பால் ஏற்கத் தயாராகியிருந்தது.

கிள்ளையார் குழந்தையை அந்த வாரத்தில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி குழந்தையை முந்தானையில் பொதிந்து வைத்திருந்தாள். கிள்ளையார் பாயை என்னிடமே விட்டுவிட்டார்.

"வரட்டா பண்ருட்டி. கிள்ளைப் பக்கம் வந்தா நண்டுக்காரன்னு கேளு."

"யார் பேரைச் சொல்லிக் கேக்க?"

"அதான நான் சொல்லவே இல்ல!" என்று சிரித்துக்கொண்டே போனார். ஆட்டோ வந்துவிட்டது. பேரைச் சொல்லாமலே ஏறிவிட்டார்.

அவர் பாயில் உட்கார்ந்தேன். புது ஆட்கள் வந்தார்கள். எந்த ஊரு என்று கேட்டார்கள். பண்ருட்டி என்றேன். அதோடு பேச்சு நின்றது. மழையும் விட்டிருந்தது. வராண்டாவில் அவ்வளவு இடம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

என் கை ஆறியது. புதுத்தோல், கோடே இல்லாமல், யாருடைய கையோ மாதிரி இருந்தது. டாக்டரம்மா பார்த்துச் சரி என்றார். அவனுக்கும் வாய்க்குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கில் மட்டும் ஆக்சிஜன் குழாய். கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"சட்டையைக் கழட்டுங்க" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

"எதுக்கு?"

"நெஞ்சுல போட்டுக்கணும். உடம்பு சூட்டுலதான் இந்தப் புள்ளைங்க தேறும். அம்மா பண்ற வேலை. அம்மா இங்க இல்லை, நீங்க பண்ணுங்க."

சுற்றிலும் பெண்கள். வெட்கமாக இருந்தது. அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவனைத் தூக்கி என் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, மேலே துணியால் கட்டினார். எடையே இல்லை. ஒரு சூடு மட்டும் தெரிந்தது. அவன் காது என் நெஞ்செலும்பில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மானிட்டர் கத்தியது. மூச்சு விட மறந்துவிட்டான். சிஸ்டர் என் விரலைப் பிடித்து அவன் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்ட வைத்தார். மறுபடி விட ஆரம்பித்தான்.

"பயப்படாதீங்க. மறந்தா ஞாபகப்படுத்தணும், அவ்வளவுதான்."

தினமும் போனேன். மறந்தான். ஞாபகப்படுத்தினேன். மறப்பது குறைந்தது.

செல்வி நடக்கத் தொடங்கியதும் மச்சான் அழைத்துவந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அவனை நெஞ்சில் போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவருகே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இப்பதான் இவ்வளவு. முன்ன பாத்திருக்கணும்" என்றார் சிஸ்டர்.

அவள் கழுவிக்கொண்டு வந்தாள். எடுத்துக் கொடுக்கப் போனேன். பின்வாங்கினாள். "எனக்குப் பயமா இருக்கு. நீங்களே வெச்சிக்கிங்க."

"புடி" என்றேன். பிடித்துக்கொண்டாள். ஒரு குழந்தைக்கு ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பது சட்டம். வெளியே வந்து சட்டையைப் போட்டுக்கொண்டேன். நெஞ்சில் அவன் இருந்த இடம் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது. பிறகு ஆறிவிட்டது. அதற்கப்புறம் அந்த வேலை அவளுடையது. எனக்குத் துணி துவைக்கிற வேலை.

ஆக்சிஜனை நிறுத்த முடியாமல் ரொம்ப நாள் இழுத்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "உசுரு காப்பாத்தக் குடுத்த காத்தே பிஞ்சு நுரையீரல்ல தழும்பு போட்டிருக்கு. கிருமியும் அதுல பாதி வேலை பண்ணியிருக்கு. வளர வளர புது நுரையீரல் வளரும். ரெண்டு மூணு வருஷம் பத்திரமாப் பாத்துக்கணும். சளி புடிச்சா உடனே கொண்டாரணும். வீட்டுக்குள்ள புகையே கூடாது. விறகடுப்பு, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் வேணாம்."

"நான் வறுக்கிற வேலை" என்றேன். "சட்டையெல்லாம் புகைதான்."

 அவர் சொல்லவும் வேண்டாம். இப்போது பண்ருட்டி மண்டியில் லாரிக்குப் பலாப்பழம் ஏற்றுகிறேன்.

கடைசியில் ஆக்சிஜன் இல்லாமலே நிறம் மாறாமல் இருந்தான். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் அவன் காலிலிருந்து மானிட்டர் ஒயரை எடுத்தார். அதன் சத்தம் நின்றது. சிதம்பரம் வந்ததிலிருந்து அவன் பக்கத்தில் அந்தச் சத்தம் இல்லாமல் நாங்கள் இருந்ததில்லை.

மச்சான் ஒரு காரைப் பிடித்துவந்திருந்தார். செல்வி பின்சீட்டில் அவனை நெஞ்சோடு வைத்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். கார் கிளம்பியது.  மிஷின் இல்லை, சிஸ்டர் இல்லை, கண்ணாடியும் இல்லை.

முட்லூர் பாலத்தில் செல்வி கேட்டாள், "மூச்சு விடறானா?"

குனிந்து காதை வைத்தேன். "விடறான்."

புதுச்சத்திரத்தில் கேட்டாள். "விடறான்" என்றேன். ஆலப்பாக்கத்தில் கேட்டாள். கடலூரில் டீ குடிக்க நிறுத்தலாமா என்று மச்சான் கேட்டார். கார் நிற்கவில்லை. நெல்லிக்குப்பத்தில் அவள் வாயைத் திறப்பதற்குள் நானே குனிந்து கேட்டுவிட்டு, "விடறான்" என்றேன்.

"வாயில வார்த்தை வராதவன் இன்னிக்கி இன்னா பேச்சு பேசறான் பாரு" என்றார் மச்சான் முன்சீட்டிலிருந்து.

செல்வி சிரித்தாள். பிறகு மறுபடி கேட்டாள்.